முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தாரே, அது சரிதான்

கேள்வி: டாக்டர் ஐயா, நாங்கள் கொருக்குப்பேட்டையில் இருக்கிறோம். என் கணவருக்கு 54 வயது. கன்டெய்னர் யார்டில் வேலை. குடியை விட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது. இப்போது டீ மட்டும்தான். குடியை மறக்க ஒரு மாத்திரை, சர்க்கரைக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். ஆறு மாதமாக வயிறு உப்பிக்கொள்கிறது. ஒரு நாள் மலம் இறுகிப்போகிறது, மறுநாள் மூன்று முறை ஓடுகிறார். மாடி வீட்டு அக்கா, “நொதிக்க வைத்த மூலிகைச் சாறு, குடலில் நல்ல பாக்டீரியாவை வளர்க்கும்” என்று சொல்லி அபயாரிஷ்டம் வாங்கிக் கொடுத்தார். எனக்கு 49 வயது, எம்.சி. ரோட்டில் ஜவுளிக் கடையில் வேலை. இரண்டு மாதமாகக் குடிக்கிறேன், மலச்சிக்கல் போய்விட்டது. அவரோ மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்துவிட்டார். கெட்டதை அத்தனை வருடம் குடித்தவருக்கு நல்லது கசக்கிறதா என்று எனக்குக் கோபம். தெரியாமல் ரசத்தில் கலந்து கொடுத்துவிடலாமா? மூன்று வயதுப் பேரனுக்குப் பசியே இல்லை. அவனுக்கும் ஒரு ஸ்பூன் கொடுக்கலாமா? நெல்லிக்காயில் வீட்டிலேயே இப்படிச் செய்யலாம் என்கிறார்களே, செய்யலாமா?

பதில்:

அம்மா, மற்றதைப் பிறகு பேசலாம். ரசத்தில் கலக்கும் யோசனையை இந்த நிமிடமே விட்டுவிடுங்கள். ஏற்கெனவே கலந்து கொடுத்துவிட்டீர்கள் என்றால், அவர் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து மேலே படியுங்கள்.

அரிஷ்டத்தில் ஆல்கஹால் இருக்கிறது. யாரோ கலப்படம் செய்ததால் வந்ததில்லை. புளிக்கும்போது தானாகவே உண்டாவது. பாட்டிலின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள், பொடி எழுத்தில் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். பெரும்பாலும் 5 முதல் 10 சதவீதம் வரை. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 450 மில்லி பாட்டிலில் 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அதில் 36 மில்லி ஆல்கஹால். கடையில் விற்கும் 650 மில்லி பீர் பாட்டிலில், 5 சதவீதம் என்றால், 32 மில்லி சொச்சம். ஆக, மாடி வீட்டு அக்கா கொடுத்த பாட்டிலில் ஒரு பீருக்குச் சற்று மேலேயே இருக்கிறது. நாம் அதை ஒரே மூச்சில் குடிப்பதில்லை. மூடியில் அளந்து, தண்ணீர் கலந்து, பல நாட்களுக்கு வைத்துக் குடிக்கிறோம். அதனால்தான் அது உங்களுக்கு மருந்தாக இருக்கிறது. அவருக்கு அப்படி இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். குடியை நிறுத்த மருத்துவமனைகளில் கொடுக்கும் மாத்திரைகள் நாலைந்து வகை. அவற்றில் மிகப் பழையதும் இன்றும் பரவலாகக் கொடுக்கப்படுவதுமானது டைசல்ஃபிரம். அட்டையின் பின்புறம் பெயர் இருக்கும், எடுத்துப் பாருங்கள். ஆல்கஹால் உடம்புக்குள் போனதும் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருளாக மாறும். கல்லீரல் உடனே அதையும் உடைத்துத் தீங்கில்லாததாக ஆக்கிவிடும். டைசல்ஃபிரம் செய்யும் வேலை, இந்த இரண்டாவது கதவைப் பூட்டுவதுதான். நச்சு இரத்தத்திலேயே தேங்கும். பத்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் முகமும் கழுத்தும் சிவந்து கொதிக்கும், தலை இடிக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், இரத்த அழுத்தம் சரியும். குடித்தால் இப்படி ஆகும் என்று தெரிந்தால் குடிக்கத் தோன்றாது என்பதுதான் அந்த மாத்திரையின் தத்துவம். ஆனால் பாட்டிலில் இருப்பது பிராந்தியா மூலிகையா என்று அந்த மாத்திரைக்குத் தெரியாது. சில இருமல் மருந்துகள், வாய் கொப்பளிக்கும் திரவங்கள் ஆகியவற்றில் உள்ள ஆல்கஹாலே சிலருக்குப் போதும். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து இருக்கும். 54 வயது, சர்க்கரை நோய் வேறு. இதயம் எந்த நிலையில் இருக்கிறதோ. சூடான ரசத்தில் ஆல்கஹால் ஆவியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு பகுதிதான் போகும். தவறிப்போய் உள்ளே சென்று இந்த அறிகுறிகள் தெரிந்தால், எலுமிச்சைச் சாறு, மோர் என்று வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் 108-ஐ அழையுங்கள். வருகிறவர்களிடம் மாத்திரை அட்டையைக் காட்டுங்கள்.

அட்டையில் வேறு பெயர் இருக்கிறது, நால்ட்ரெக்சோனோ அகாம்ப்ரோசேட்டோ, என்றால் இந்த விபரீதம் நடக்காது. அப்போதும் கொடுக்காதீர்கள். குடியை விட்டவருக்கு அந்த மணமும், தொண்டையில் இறங்கும் அந்தச் சூடும் போதும், பழைய பாதை திறந்துகொள்ள. இந்தப் பகுதிப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்: 1948 முதல் 1971 வரை மதுவிலக்கு இருந்த நாட்களில், மருந்துக் கடையில் அரிஷ்டமும், சாராயத்தில் இஞ்சி ஊறிய இஞ்சி டிங்சரும் வாங்கிப் போதைக்காகக் குடித்தவர்களின் கதை அவர்களிடம் இருக்கும். உங்கள் கணவர் அந்த மணத்தை ஒரு நொடியில் அடையாளம் கண்டுகொண்டார். வாய் திறந்து சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கலாம். பதினான்கு மாதம் தன்னைத்தானே பிடித்து வைத்துக்கொண்டிருக்கும் மனிதர், மூடியைத் திறந்து, முகர்ந்து, கீழே வைக்கிறார். அந்த இடத்தில் நீங்கள் கோபப்பட்டிருக்கிறீர்கள். பரவாயில்லை, உங்களுக்குத் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது.

இனி அந்த “நல்ல பாக்டீரியா” கதைக்கு வருகிறேன். உண்மையில் இதை எழுதத்தான் எனக்கு ஆசை.

நான் சித்த மருத்துவன். அரிஷ்டம் ஆயுர்வேதத்துச் சரக்கு. எங்கள் நூல்கள் சொல்லும் 32 வகை அக மருந்துகளில் தேனூறல் உண்டு, தீநீர் உண்டு, அரிஷ்டம் கிடையாது. ஓமத் தீநீரையும் அரிஷ்டத்தையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் நிறைய. தீநீர் காய்ச்சி வடிப்பது; அரிஷ்டம் புளிக்க வைப்பது. ஆனாலும் அரிஷ்டத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. படிப்பு முடிந்த கையோடு ஓராண்டு, திருச்சூர்ப் பக்கம் நண்பரின் தந்தை நடத்திவந்த சிறிய மருந்துக்கூடத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். அங்கேதான் அபயாரிஷ்டம் செய்வதைப் பார்த்தேன். கடுக்காய், உலர்ந்த திராட்சை, வாய்விடங்கம், இலுப்பைப்பூ இவற்றை இடித்துப் போட்டு, தண்ணீர் ஊற்றி, கால் பங்காகச் சுண்டும் வரை கொதிக்க வைப்பார்கள். வடிகட்டி, ஆறியதும் வெல்லம் கரைப்பார்கள். பிறகு தாதகிப்பூவைப் போடுவார்கள். சுருங்கிப்போன சிவப்புப் பூ. பார்த்தால் குப்பை என்று கூட்டித் தள்ளிவிடுவோம். ஆனால் வேலைக்காரன் அதற்குள்தான் ஒளிந்திருக்கிறான். அந்தப் பூவின் தேனோடு இயற்கையிலேயே ஈஸ்ட் ஒட்டிக்கொண்டிருக்கும். வெல்லத்தின் இனிப்பு கிடைத்ததும் அது விழித்துக்கொள்ளும்.

பானையின் வாயைத் துணியால் கட்டி, மண் பூசி, உமிக் குவியலில் புதைத்துவிடுவார்கள். ஒரு மாதம். பத்தாம் நாள் போல அந்தப் பெரியவர் என்னை அழைத்துப் பானையின் மேல் காதை வைக்கச் சொன்னார். உள்ளே பொரி பொரிவதுபோல ஓயாத சத்தம். மாத முடிவில் மறுபடி காதை வைத்தேன், சத்தம் அடங்கியிருந்தது. அதை மட்டும் நம்பி அவர் பானையைத் திறந்து இறக்கிவிடவில்லை. எரியும் தீக்குச்சி ஒன்றைப் பானை வாய்க்குள் நீட்டினார். புளிப்பு இன்னும் நடந்துகொண்டிருந்தால் அங்கே கரியமில வாயு நிறைந்திருக்கும், குச்சி அணைந்துவிடும். அணையவில்லை; நின்று எரிந்தது. “முடிந்தது” என்றார்.

என்ன முடிந்தது? ஈஸ்டின் வேலை முடிந்தது. சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலை உண்டாக்கி, தான் உண்டாக்கிய ஆல்கஹாலிலும் புளிப்பிலும் தானே அடங்கி, மண்டியாக அடியில் படிந்துவிட்டது. மேலே தெளிந்ததை இறுத்து வடிகட்டித்தான் பாட்டிலில் அடைக்கிறார்கள். கண்ணாடி பாட்டிலில் வருடக்கணக்கில் கெடாமல் நிற்கிறதே, ஏன்? உள்ளே எதுவும் பெரிதாக வளரவில்லை என்பதால்தான் கெடாமல் நிற்கிறது. உயிரோடு பாக்டீரியா பெருகிக்கொண்டிருந்தால் அந்த மூடி என்றோ எகிறியிருக்கும். மாடி வீட்டு அக்கா சொன்ன “நல்ல பாக்டீரியா” அந்த பாட்டிலில் இருக்கும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன்.

உலகச் சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பும் சேர்ந்து கூட்டிய நிபுணர் குழு 2001-இல் புரோபயாட்டிக் என்ற சொல்லுக்கு இலக்கணம் வகுத்தது: உயிரோடு இருக்க வேண்டும், போதுமான எண்ணிக்கையில் இருக்க வேண்டும், உடலுக்கு நன்மை தர வேண்டும். இந்த மூன்றும் தேறினால்தான் அந்தப் பெயர். நொதித்த உணவு எல்லாம் புரோபயாட்டிக் ஆகிவிடாது. நம் இட்லியையே பாருங்கள். மாவு புளித்தபோது கோடிக்கணக்கில் இருந்த நுண்ணுயிர்கள் ஆவியில் வெந்து போய்விடுகின்றன. அதற்காக இட்லி மட்டமான உணவா? புளிப்பு செய்து வைத்த மாற்றம் இட்லியில் அப்படியே இருக்கிறது; எளிதில் செரிக்கிறது. அரிஷ்டத்திலும் அப்படித்தான். தண்ணீரில் கரையாத சில மூலிகைச் சத்துகளை ஆல்கஹால் கரைத்து எடுக்கிறது. நொதிக்கும்போது சில பெரிய மூலக்கூறுகள் சிறியவையாக உடைகின்றன. கஷாயம் ஒரே நாளில் கெட்டுப்போகிற இடத்தில் இது நிற்கிறது. அந்தக் காலத்தில் குளிர்சாதனப் பெட்டி இல்லாத ஊரில் மருந்தைச் சேமிக்க இதைவிடச் சாமர்த்தியமான வழி என்ன இருந்திருக்க முடியும்!

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை இந்த மாதிரிச் சாறுகளை விளம்பரம் செய்பவர்கள் அடிக்கடி இழுக்கிறார்கள். ஆரோக்கியமான 36 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பத்து வாரம் நொதித்த உணவுகளை நிறையக் கொடுத்துப் பார்த்தார்கள். குடல் நுண்ணுயிர்களின் வகை கூடியது, அழற்சியைக் காட்டும் புரதங்கள் சில குறைந்தன. நல்ல ஆய்வுதான். ஆனால் அவர்கள் சாப்பிட்டது தயிர், புளித்த காய்கறி போன்றவை. அரிஷ்டத்தை யாரும் குடிக்கவில்லை. சாப்பிட்டவர்களும் நோயாளிகள் இல்லை. அரிஷ்டங்களைப் பற்றிய ஆராய்ச்சிகளில் பெரும்பகுதி ஆய்வகக் குடுவையிலும் எலிகளிலும் நடந்தது. அதை வைத்துக் கொருக்குப்பேட்டைக் குடலுக்கு உத்தரவாதம் கொடுக்க நான் தயாரில்லை.

அப்படியானால் உங்களுக்கு ஏன் கேட்டது? கடுக்காய். அது காலங்காலமாக மலத்தை இளக்கும் மருந்து. இங்கே அது கொஞ்சம் சாராயத்திலும் வெல்லத்திலும் ஊறி வந்திருக்கிறது, அவ்வளவுதான். கடுக்காயில் உள்ள துவர்ப்புச் சத்துகள் சிறுகுடலில் பெரும்பாலும் உறிஞ்சப்படுவதில்லை. பெருங்குடல் வரை போய், அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியாக்களின் கையில் சிக்கித்தான் உடைகின்றன. யூரோலித்தின் என்ற பொருட்கள் அப்படி உருவாகின்றன. எல்லார் குடலிலும் அந்த வேலையைச் செய்யும் கிருமிகள் இருப்பதில்லை. சிலருக்கு யூரோலித்தின் உருவாவதே இல்லை. ஒரே பாட்டில் அக்காவுக்கு ஒரு மாதிரியும் உங்களுக்கு ஒரு மாதிரியும் வேலை செய்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. இன்னொன்று, அரிஷ்டம் என்ற பெயரில் வருவதெல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. அபயாரிஷ்டம் மலத்தை இளக்குவது. குடசப்பாலைப் பட்டையில் செய்யும் குடஜாரிஷ்டம் வயிற்றுப்போக்கைக் கட்டுவது. ஒரு நாள் இறுகி மறுநாள் ஓடும் உங்கள் கணவருக்கு எதைக் கொடுப்பது? காரணம் தெரியாமல் எதைக் கொடுத்தாலும் அது குத்துமதிப்புதான்.

காரணத்தைத் தேடுவோம். உங்கள் கடிதத்திலேயே ஒன்று இருக்கிறது: “இப்போது டீ மட்டும்தான்.” எத்தனை டீ, அம்மா? குடியை விட்ட ஆண்களை நான் நிறையப் பார்க்கிறேன். கை சும்மா இருக்காது. நண்பர்களோடு நிற்க ஓர் இடம் வேண்டும், அது டீக்கடை ஆகிறது. எண்ணச் சொன்னால் எட்டு, பத்து என்று வரும். அத்தனையும் பால், அத்தனையும் சர்க்கரை. நம் ஊரில் வளர்ந்தவர்கள் பலருக்குப் பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் சக்தி வயது ஏற ஏறக் குறைந்துவிடும். செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய் அங்கே நொதிக்கும். நொதிக்க வைத்த சாற்றை வெளியே தேடுகிறீர்கள். அவர் வயிற்றுக்குள்ளேயே ஒரு பானை பொரிந்துகொண்டிருக்கிறது. பத்து நாளைக்கு இரண்டு டீயோடு நிறுத்தி, மீதிக்குப் பாலும் சர்க்கரையும் இல்லாத சுக்குத் தண்ணீரோ கடுந்தேநீரோ குடிக்கச் சொல்லிப் பாருங்கள். டீக்கடையில் நிற்பதைத் தடுக்காதீர்கள். அந்த இடம் அவருக்குத் தேவை. கண்ணாடித் தம்ளரில் இருப்பதை மாற்றினால் போதும்.

இரண்டாவது, சர்க்கரை மாத்திரை. மெட்ஃபார்மின் என்றால், வயிற்று உப்பிசமும் இளக்கமும் அதன் மிகச் சாதாரணமான பக்கவிளைவுகள். ஆறு மாதத்துக்கு முன் அளவைக் கூட்டினார்களா என்று பழைய சீட்டை எடுத்துப் பாருங்கள். கூட்டியிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினாலே பலருக்குச் சரியாகிவிடும். நீங்களாக நிறுத்த வேண்டாம். அரிஷ்டத்தில் எஞ்சியிருக்கும் வெல்லமும் அவருக்கு ஆகாது என்பதைச் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதை நீங்கள் பயப்படாமல் படிக்க வேண்டும். பல வருடம் குடித்தவர்களுக்குக் கணையம் பழுதாகியிருக்கலாம். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதக்கிறதா, தண்ணீர் ஊற்றினாலும் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று அவரையே கவனிக்கச் சொல்லுங்கள். மலத்தில் இரத்தம், கருப்பான மலம், பேன்ட் தளர்ந்துபோகும் அளவுக்கு எடை குறைதல், இரவில் தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, மாலையில் காய்ச்சல், இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளைக்கே போக வேண்டும். இவை எதுவும் இல்லாவிட்டாலும், 50 வயதுக்கு மேல் மலம் கழிக்கும் பழக்கம் மாறி ஆறு மாதம் ஆகிவிட்டது என்பதே பரிசோதிக்கப் போதுமான காரணம். ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்குக் கூப்பிடு தூரம். அங்கே இரைப்பை குடல் பிரிவு இருக்கிறது. ஹீமோகுளோபின், கல்லீரல் பரிசோதனை, மலத்தில் மறைந்த இரத்தம் இருக்கிறதா என்ற சோதனை ஆகியவற்றை முதலில் கேட்பார்கள். தேவைப்பட்டால் பெருங்குடலை உள்நோக்கிப் பார்ப்பார்கள். டைசல்ஃபிரமே சில சமயம் கல்லீரலைத் தொந்தரவு செய்யும் என்பதால் அந்தச் சோதனை எப்படியும் வேண்டும். வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் எழுதப் போனால், குடியை மறக்கும் மாத்திரை சாப்பிடுவதை அவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள், அது டைசல்ஃபிரம் என்றால் இரண்டும் சேரக்கூடாது. நீங்களும் எப்போதாவது மெட்ரோனிடசோல் சாப்பிட நேர்ந்தால் அந்த நாட்களிலும், முடிந்து மூன்று நாட்கள் வரையும் அரிஷ்டத்தைத் தொடாதீர்கள்.

நம் பகுதித் தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழாய்த் தண்ணீரில் சாக்கடை நாற்றம் அடித்த நாட்கள் உங்கள் தெருவிலும் இருந்திருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் யார் வயிறு கெட்டாலும் நான் முதலில் குடத்தைத்தான் சந்தேகிப்பேன். லாரித் தண்ணீரானாலும் கொதிக்க விட்டு ஆற வைத்துக் குடியுங்கள்.

உங்களைப் பற்றி. நாள் முழுவதும் நின்றபடி புடவை எடுத்துப் போடும் வேலை. எம்.சி. ரோட்டிலிருந்து என்னிடம் வரும் பெண்களில் பாதிப் பேர் தண்ணீர் குடிப்பதில்லை. ஏன் என்றால், கழிப்பறைக்கு மூன்று மாடி ஏற வேண்டும், அல்லது மேலாளர் முகத்தைப் பார்க்க வேண்டும். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தினார்கள். எழுந்து போய்விட்டு வருவதும் அதே அளவுக்கு முக்கியம். உங்கள் மலச்சிக்கலின் வேர் அங்கே இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். அரிஷ்டத்தை இன்னும் ஓரிரு வாரம், சாப்பாட்டுக்குப் பின் 15 மில்லியில் அதே அளவு தண்ணீர் கலந்து, பிறகு நாளுக்கு ஒரு வேளையாகக் குறைத்து நிறுத்திவிடுங்கள். உங்களுக்கும் சர்க்கரை பார்த்து ஒரு வருடம் ஆகியிருந்தால் முதலில் அதைப் பாருங்கள். கூடுதலாக இருந்தால் இன்றே நிறுத்துங்கள். நிறுத்தியதும் சிக்கல் திரும்பினால் தைராய்டு சோதனை செய்துகொள்ளுங்கள். இருக்கும் நாட்களில் பாட்டிலைச் சமையலறை அலமாரியில் வைக்காதீர்கள். அவர் கண்ணில் படாமல், முடிந்தால் மாடி வீட்டிலேயே வைத்துவிட்டு அங்கேயே போய்க் குடித்துவிட்டு வாருங்கள்.

பேரனுக்கு வேண்டாம். ஒரு சொட்டும் வேண்டாம். குழந்தைகளுக்குக் கொடுத்துவந்த கிரைப் வாட்டரிலேயே ஒரு காலத்தில் ஆல்கஹால் இருந்தது; தவறு என்று தெரிந்து எடுத்துவிட்டார்கள். அவனுக்குப் பசி இல்லை என்றால், சோறு போடும் முன் கையில் என்ன பொட்டலம் இருந்தது என்று பாருங்கள். அங்கன்வாடியில் பூச்சி மாத்திரை, அல்பெண்டசோல், கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்றும் கேளுங்கள். எடை கூடாமல் நின்றுவிட்டால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நெல்லிக்காய்க் கஷாயத்தை வெல்லம் போட்டு வீட்டில் புளிக்க வைக்க வேண்டாம். பிளாஸ்டிக் குளிர்பான பாட்டிலில் இறுக மூடி வைப்பார்கள், வாயு சேர்ந்து கோடையில் வெடிக்கும். தளர மூடினால் காற்றுப் புகுந்து காடியாகும், பூஞ்சை பிடிக்கும். எத்தனை சதவீதம் ஆல்கஹால் ஏறியது என்று சொல்ல உங்களிடம் கருவி கிடையாது. குடியை விட்டவர் இருக்கும் வீட்டில் சாராயம் ஊறும் ஜாடி எதற்கு? நெல்லிக்காயைக் கடித்துத் தின்னுங்கள். கடையில் “மூலிகை நொதிச்சாறு” என்று புதிதாக விற்பவற்றை வாங்கினாலும், ஆயுர்வேத அல்லது சித்த மருந்து உற்பத்தி உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். 14 இலக்க உணவு உரிம எண் மட்டும் இருந்தால் அது உணவுப் பொருள். நோயைக் குணமாக்கும் என்று சொல்லி விற்க அதற்கு உரிமை இல்லை.

உயிருள்ள நுண்ணுயிர்தான் வேண்டும் என்றால் அது உங்கள் வீட்டுச் சோற்றுப் பானையில் இருக்கிறது. பழைய சோற்றைக் குடல் அழற்சி நோய்க்குக் கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சியை அதே ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் குடல் அறுவை சிகிச்சைத் துறைதான் கையில் எடுத்தது. வடசென்னைக்காரனாக எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு. இரவுச் சோற்றை வெறும் சோறாக மணிக்கணக்கில் வெளியே விட்டுவிடாதீர்கள், அப்படி விட்டால் வேறு கெட்ட கிருமி முந்திக்கொள்ளும். ஆவி அடங்கியதும் கொதித்து ஆறிய தண்ணீரை, சோறு மூழ்கி இரண்டு விரல் மேலே நிற்கும்படி ஊற்றி, ஒரு கரண்டி மோர் விட்டு, மண்சட்டியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ மூடி வையுங்கள். காலையில் நீர் லேசாகக் கலங்கி, புளிப்பு மணம் வந்திருக்கும். உப்பு, சின்ன வெங்காயம். சர்க்கரைக்காரருக்குச் சோறு ஒரு கைப்பிடி, மீதி நீராகாரம். மறுநாள் காலையோடு தீர்த்துவிடுங்கள்; இரண்டாம் நாளுக்கு வைத்து நுரை கட்டிய சோற்றை அவருக்குக் கொடுக்க வேண்டாம், அதற்குள் அங்கேயும் ஈஸ்ட் தன் வேலையைத் தொடங்கியிருக்கும். மோர், பால் அளவுக்குத் தொந்தரவு தராது, என்றாலும் முதல் நாள் அரைத் தம்ளரோடு நிறுத்திப் பாருங்கள்.

ஸ்டான்லிக்குப் போகும்போது இரண்டு மாத்திரை அட்டைகளையும் பழைய சீட்டுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று ஒரு வாரம் எண்ணி எழுதிய தாளும் இருக்கட்டும். எண்ணுவதை அவரிடமே விடுங்கள். பாட்டிலைப் பற்றி நீங்கள் சண்டை போட்டிருந்தால், டாக்டர் உங்கள் பக்கம் இல்லை, அவர் பக்கம்தான் என்று இன்று இரவே சொல்லிவிடுங்கள்.